பசுமைப் படைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

பருவநிலை மாற்றம், சூழல் பாதுகாப்பு குறித்து மாணவர்களும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு, பள்ளிகளிலும் ஊர்களிலும் இந்த வேலையில் பயிற்சி தரும் எங்கள் குழு இங்கே பதில் எழுதியிருக்கிறது. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

எங்கள் பள்ளியில் தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சூழல் மன்றம் இருக்கிறது. சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் ஊர்வலம், ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி. அதோடு சரி. நாங்களே உருப்படியாக ஒன்று செய்ய ஆசைப்படுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– பதினோராம் வகுப்பு மாணவி, மேலூர்

உங்கள் பள்ளிக் குப்பையிலிருந்து தொடங்குங்கள். தினமும் சேர்கிறது, உங்கள் கண்முன்னே சேர்கிறது, எடை போட முடிகிறது. ஓரிரு மாதத்தில் பலனும் தெரிந்துவிடும். முதல் வேலை அளப்பதுதான். அளக்காமல் தொடங்கிய எதையும் பள்ளி நிர்வாகத்தின் முன்னால் வைத்துப் பேச முடியாது.

தலைமையாசிரியரிடம் போவதற்கு முன்னால் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் பேசுங்கள். எந்தத் தொட்டி எந்தக் கிழமை நிரம்பும், எதை எங்கே எரிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சொல்லாமல் தொட்டியைக் கவிழ்த்தால், தன் மேல் புகார் எழுதப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

தொடர்ந்து ஐந்து வேலை நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு வாரமும் விளையாட்டு விழா வாரமும் வேண்டாம். கணக்கு தப்பாக வரும். தேவையானவை: இரண்டு தார்ப்பாய், 50 கிலோ வரை காட்டும் கொக்கித் தராசு, ரப்பர் கையுறை, முகக்கவசம், நீளமான இடுக்கி, ஆறு சாக்கு, ஒரு நோட்டு. மதிய உணவு முடிந்ததும் ஒரு முறை, கடைசி மணி அடித்ததும் ஒரு முறை பிரிக்க வேண்டும். சாப்பாட்டு மிச்சமும் காய்த்தோலும் ஒரு குவியல், காய்ந்த இலைச்சருகு ஒன்று, காகிதம் ஒன்று, பழைய பேப்பர் கடையில் விலை போகும் பிளாஸ்டிக் ஒன்று, பளபளக்கும் தின்பண்டப் பாக்கெட்டுகள் ஒன்று, பேனா, உடைந்த பொருட்கள் போன்ற மற்றவை ஒன்று. நாப்கின்களை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள்; அவை எங்கே போகின்றன என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

காலிச் சாக்கின் எடையை முதலில் குறித்துவிட்டு அதைக் கழிக்க வேண்டும். சாம்பாரில் நனைந்த காகிதம் எடையைக் கண்டபடி ஏற்றிவிடும், அதை உணவுக் குவியலில் சேர்த்துவிடுங்கள். தின்பண்டப் பாக்கெட்டுக்கு எடை போட்டுப் பயனில்லை. நூறு பாக்கெட்டும் கொஞ்சம்தான் நிறுக்கும். அதை எண்ணுங்கள், எந்தக் கம்பெனி பாக்கெட் எத்தனை என்று தனித்தனியாக எண்ணினால் இன்னும் நல்லது. மூன்றாம் நாள் பாதிப்பேர் காணாமல் போவார்கள். அதனால் நாளுக்கு ஆறு பேர் என்று முறை வைத்து, பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

ஐந்து நாள் கணக்கை ஒரே தாளில் எழுதி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். தாளின் கீழே ஒரே ஒரு கோரிக்கை இருக்கட்டும். பத்து கோரிக்கை வைத்தால் பத்தையும் பாராட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

சத்துணவு மிச்சத்தை உரமாக்க மாணவர்கள் குழி வெட்டினார்கள். மூன்றாவது வாரமே நாற்றம், ஈ, வெள்ளைப் புழு. மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. எங்கே தவறு?
– அறிவியல் ஆசிரியர், ஒட்டன்சத்திரம்

குழியில்தான் தவறு. தண்ணீர் வடிய வழியில்லை, காற்று புகவும் வழியில்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள்தான் அந்த அழுகிய முட்டை வாடையைக் கிளப்புகின்றன. மீத்தேன் வாயுவை வெளிவிடுவதும் அவைபோன்றவையே. ஊர்க் குப்பைக்கிடங்குகள் பூமியைச் சூடாக்குவது இப்படித்தான். ஆக, நாற்றமில்லாத உரக்குவியல் போடுவதே ஒரு பருவநிலைப் பாடம்.

தரைக்கு மேலே, நிழலில், கம்பி வலையால் கூண்டு போடுங்கள். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். ஏறத்தாழ 760 லிட்டர் பிடிக்கும். அடியில் அரையடிக்குச் சுள்ளிகளைப் பரப்புங்கள், அதன் வழியாகத்தான் காற்று ஏறும். இப்படி இரண்டு கூண்டு வேண்டும். நாளுக்கு ஐந்து கிலோ உணவு மிச்சம் வரும் பள்ளியில் ஒரு கூண்டு நிரம்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ஏனென்றால் குவியல் அமுங்கிக்கொண்டே போகும். அடுத்தது நிரம்புவதற்குள் முதலாவது பக்குவமாகிவிடும்.

அளவு இதுதான்: ஒரு வாளி உணவு மிச்சத்துக்கு இரண்டிலிருந்து மூன்று வாளி காய்ந்த சருகு. சோற்றை அப்படியே கொட்டினால் கூழாகிக் காற்றை அடைத்துவிடும், சருகோடு பிசறிப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு அங்குலத்துக்குச் சருகால் மூடினால் ஈ வராது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். இறைச்சியும் எலும்பும் வேண்டாம், நாய்கள் கூண்டைப் பிரித்துவிடும்.

வாரத்துக்கு ஒருமுறை தோட்ட வேலைக்கான நீண்ட முள்கரண்டியால் கிளறுங்கள். கிளறும்போது நடுவில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியச் சொல்லுங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். கை திறந்ததும் பொலபொலவென உதிர்ந்தால் வறட்சி, தண்ணீர் தெளியுங்கள். உருண்டையாக நின்று உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டினால் சரி. நன்றாக வேலை செய்யும் குவியலில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கும். இலைகளின் மேல் வெள்ளை நூல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தடித்த வெள்ளைப் புழுக்களும் கெடுதல் செய்யாதவையே, ஈரம் கூடிவிட்டது என்பதற்கு அடையாளம் அவ்வளவுதான். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை அடித்தால் சருகு போதவில்லை. எறும்பு குடியேறினால் தண்ணீர் போதவில்லை.

நிறையப் பள்ளிகளில் திட்டம் மழைக்காலத்தில்தான் படுத்துவிடுகிறது. காரணம் எளியது: அப்போது காய்ந்த சருகு கிடைக்காது. மாசி, பங்குனியில் உதிரும் இலைகளை எரிக்காமல் இருபது முப்பது சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் அடுக்கி வையுங்கள். இரண்டிலிருந்து மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பு உரம் கிடைக்கும். மூடச் சொன்னவரிடமே முதல் கைப்பிடியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் நூறு கன்று நடுகிறோம். கோடையில் ஐந்துகூட மிஞ்சுவதில்லை. இதைச் சொன்னால் சோர்வூட்டுகிறோம் என்கிறார்கள்.
– இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர், விருதுநகர்

சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். நட்ட எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஓராண்டு கழித்து உயிரோடு நிற்கும் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதத் தொடங்குவதே உங்கள் அமைப்பில் நீங்கள் கொண்டுவரக்கூடிய பெரிய மாற்றம்.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள். முதல் கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை பத்து லிட்டர் வீதம் ஊற்ற வேண்டும். நூறு கன்றுக்கு வாரம் 2,000 லிட்டர். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை இருபது வாரம் என்று வைத்தால் 40,000 லிட்டர். இதை யார், எந்தக் கிணற்றிலிருந்து, எந்த வண்டியில் கொண்டுவருவது? ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி விடுமுறை வேறு. உங்களால் பதினைந்து கன்றுக்குத்தான் தண்ணீர் தர முடியும் என்றால் பதினைந்தே நடுங்கள்.

அடுத்தது காலம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், ஆனால் விருதுநகர் மண்ணுக்கு அது நடவு நாளல்ல. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் மழை. புரட்டாசியில் குழி வெட்டி ஆறப்போட்டு, ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்த பிறகு நடுங்கள். ஜூனில் குழி எடுப்பதற்கான இடத்தைத் தேர்ந்து, நாற்றங்காலில் விதை போடலாம்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. மேல்மண்ணைத் தனியாக வைத்து, அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து குழியை நிரப்ப வேண்டும். கன்றின் பையைக் கிழித்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அடியை மட்டும் கீறிப் புதைப்பது பலரின் வழக்கம், வேர் அதற்குள்ளேயே சுருண்டு இரண்டு மூன்று ஆண்டில் மரம் சாய்ந்துவிடும். ஏற்கெனவே வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்தக் கன்றை வாங்காதீர்கள். சுற்றிலும் மூன்றடி அகலத்தில் பாத்தி கட்டி, நாலு அங்குலத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டிப் போடாதீர்கள், பட்டை அழுகும். ஆடு கடிக்காமலிருக்க, இரும்புக்கூண்டைவிட நெருக்கமாகக் கட்டிய கருவேல முள் நல்ல காவல், செலவுமில்லை.

வேம்பு, புங்கன், இலுப்பை, நாவல், அத்தி ஆகியவை பெரும்பாலான ஊர்களுக்கு ஒத்துவரும். மருது ஆற்றங்கரைக்கு, பூவரசு கடலோரத்துக்கு. மின்கம்பிக்குக் கீழே எதையும் நடாதீர்கள், வெட்டத்தான் போகிறார்கள். மலைப் புல்வெளியைப் பார்த்து 'சும்மா கிடக்கிறது' என்று மரம் நடப் போகாதீர்கள். நீலகிரியில் புல்வெளிகளில் நட்ட சீகை (வாட்டில்) மரங்களை இன்றைக்குச் செலவு செய்து அகற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர் ஊற்ற ஆளே இல்லை என்றால் பனை விதையுங்கள். ஆவணி, புரட்டாசியில் விழும் பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து, கண்மாய்க்கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்றாக, அரையடிக்குக் குறையாத ஆழத்தில் புதைத்தால் போதும். தண்ணீர் திறந்துவிடும் மடைக்கும் மிகுதி நீர் வழியும் கலுங்குக்கும் பக்கத்தில் வேண்டாம். பனையின் முளை மேலே வராது, முதலில் பூமிக்குள் இறங்கும். அங்கேதான் கிழங்கு திரளும். முதல் ஓலை தலைகாட்டப் பல மாதம் ஆகும். இதைத் தெரியாமல், முளைக்கவில்லை என்று விட்டுப் போவார்கள், அல்லது கிழங்குக்காக ஊரார் தோண்டி எடுத்துவிடுவார்கள், அல்லது கரை சீரமைக்க வரும் ஜேசிபி வழித்துவிடும். புதைத்த இடங்களில் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்து, ஊராட்சியிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

விதைப்பந்து வீசுவது பலன் தருமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், ஆத்தூர்

பெரும்பாலும் இல்லை. எறும்பும் எலியும் தின்றது போக, முளைத்ததும் வெயிலில் காய்ந்துவிடும். எங்கே விழுந்தது என்று தெரியாததால் போய்ப் பார்க்கவும் முடியாது. அதே விதையைத் தொட்டியில் முளைக்க வைத்து, ஆளுக்கு ஒரு கன்று வளர்த்து மழைக்கு நடுங்கள்.

எங்கள் கண்மாய்க்கரையில் கோழிக்கடைக் கழிவும் பிளாஸ்டிக்கும் கொட்டுகிறார்கள். இளைஞர்கள் சேர்ந்து இருமுறை சுத்தம் செய்தோம். மறுபடியும் குவிந்துவிட்டது. யாரிடம் போவது?
– வாசகர், மானாமதுரை வட்டாரம்

இரண்டு முறை சுத்தம் செய்தது போதும். மூன்றாவது முறை அள்ளுவதற்குள் கொட்டுபவரிடம் பேசுங்கள். "இங்கே கொட்டாதீர்கள்" என்பதற்கு முன், "வேறு எங்கே கொட்ட வழி இருக்கிறது?" என்று கேளுங்கள். பல ஊர்களில் கடைக்கழிவை எடுக்க வண்டியே வருவதில்லை. அப்படியானால் உங்கள் கோரிக்கை கடைக்காரருக்கும் சேர்த்ததாகிவிடும். சண்டைக்குப் போக வேண்டாம், தனியாகப் போகவும் வேண்டாம்.

பிறகு ஆதாரம். கரையில் ஓரிடத்தில் கல் நட்டு, அதன் மேல் நின்று, அதே கோணத்தில், வாரம் ஒரு படம் என நான்கு வாரம் எடுங்கள். ஆள்முகம் தெரிய வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து கண்மாயின் புல எண்ணையும் அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டில் உள்ள பரப்பையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மனு தவறான அலுவலகத்துக்குப் போவதால்தான் பாதி மனுக்கள் செத்துப்போகின்றன. பொதுவாக ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீரால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய நூறு ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. எது என்று பார்த்து அவர்களுக்கு எழுதுங்கள். நீர்வளத் துறைக் கண்மாயில் ஆக்கிரமிப்பும் இருந்தால் 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிடலாம்.

கிராமசபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கண்மாய்ப் பேச்சுக்குப் பொருத்தமான நாள். வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். பதினெட்டு ஆகாதவர்கள் போய் உட்காரலாம், கணக்கையும் படங்களையும் பெரியவர்கள் வழியாக முன்வைக்கலாம். ஒரு வாரம் முன்பே தீர்மான வாசகத்தை எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: "எங்கள் ஊராட்சியில் இன்ன புல எண்ணிலுள்ள கண்மாயின் வடகரையில் கொட்டப்பட்டுள்ள கழிவை 30 நாட்களுக்குள் அகற்றவும், இறைச்சிக் கடைக் கழிவை வாரம் மூன்று முறை வண்டி வைத்து எடுக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது." இடம், வேலை, பொறுப்பு, கெடு நான்கும் இருக்க வேண்டும். 'கண்மாயைப் பாதுகாக்க ஆவன செய்ய வேண்டும்' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்காது.

தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வருகைக் கையெழுத்து வாங்கிவிட்டு மேலே எதையும் எழுதிக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் அசையவில்லை என்றால் தீர்மான நகலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். அடுத்தது தகவல் அறியும் உரிமை மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல. 'இந்தத் தீர்மானத்தின் மேல் எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்' என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

பள்ளியில் பழைய மின்விசிறிகளை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? எவ்வளவு மிச்சமாகும்?
– பத்தாம் வகுப்பு மாணவர், திருச்சி

கேட்கலாம். பழைய விசிறி 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 முதல் 35 வாட். விசிறிக்கு 40 வாட் மிச்சம் என்றால் இருபது விசிறி, நாளுக்கு ஏழு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓடும்போது 1,120 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால் ஆண்டுக்கு 780 கிலோ அளவில் குறையும். மின்கட்டண ரசீதில் உள்ள யூனிட் விலையால் பெருக்கி, எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று எழுதிக் காட்டுங்கள். ஆளில்லாத வகுப்பில் விசிறியை நிறுத்தும் பொறுப்பைப் பட்டியல் போடுவது இதற்கும் முந்தைய வேலை, அதற்குக் காசு வேண்டாம்.

எங்கள் கடற்கரையிலும் ஆமைகள் முட்டையிடுகின்றன. சென்னையில் மாணவர்கள் செய்வதைப் போல நாங்களும் முட்டைகளைக் காப்பாற்றலாமா?
– மீனவக் குடும்பத்து இளைஞர்கள், நாகப்பட்டினம் பகுதி

சென்னையில் நடப்பதை மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். 1988-இல் மாணவர்களே தொடங்கிய 'ஸ்டூடண்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்' அமைப்பினர், முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலான மணலில் இரவில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். முப்பது ஆண்டுக்கும் மேலாக ஒவ்வொரு தலைமுறை மாணவரும் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்து வருவதால்தான் அது நிற்கிறது.

ஆனால் நீங்களாக முட்டையைத் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. வனத்துறை அனுமதி இல்லாமல் முட்டையை எடுப்பது குற்றம். அதோடு, எடுப்பதிலும் நுட்பம் இருக்கிறது. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். கூடு குடுவை வடிவில், ஒன்றரையடி ஆழத்தில், நூறுக்கு மேல் முட்டைகளோடு இருக்கும். அதே வடிவம், அதே ஆழத்தில் மறுபடியும் புதைக்க வேண்டும். மணலின் சூடு ஏறினால் பிறப்பவை பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும். கோடை கடுமையாகும் காலத்தில் பொரிப்பகத்துக்கு நிழல்வலை கட்டுவது இதனால்தான். மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, அவர்களின் பொரிப்பகக் குழுவில் பயிற்சியோடு சேருங்கள்.

அனுமதி எதுவும் இல்லாமலேயே செய்யக்கூடிய வேலை, கடற்கரை விளக்குகள். குஞ்சுகள் இரவில் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஓடும். கடலைவிடத் தெருவிளக்கு பிரகாசமாக இருந்தால் சாலைக்குப் போய்ச் செத்துவிடும். எந்தெந்தக் கம்பத்து விளக்கு மணலில் விழுகிறது என்று இரவில் பார்த்து, கம்ப எண்ணோடு பட்டியல் எடுங்கள். மார்ச்சிலிருந்து மே வரை அந்த விளக்குகளுக்கு மட்டும் மறைப்புத் தகடு பொருத்தவோ, நள்ளிரவில் அணைக்கவோ ஊராட்சியில் கேளுங்கள். உங்கள் அப்பா, மாமன்மாரிடம் வலையில் சிக்கிய ஆமையை எப்படி விடுவிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள், அந்த அறிவு வேறு யாரிடமும் இல்லை. பதினெட்டு ஆகாதவர்கள் இரவு நடைக்கு வீட்டுப் பெரியவரோடு மட்டுமே வர வேண்டும்.

'இளைஞர் தலைமை' என்று பேனர் கட்டுகிறோம். ஆனால் எல்லாவற்றையும் ஆசிரியர்களே முடிவு செய்கிறோம். மாணவர்களிடம் விட்டால் வேலை கெடும் என்ற பயமும் இருக்கிறது.
– பசுமைப் படைப் பொறுப்பாசிரியை, தருமபுரி

உங்கள் பயம் நியாயமானது. 1992-இல் யுனிசெஃப் அமைப்புக்காக ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். கீழ்ப்படிகள் மூன்றையும் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: பெரியவர்கள் நினைத்ததைச் சொல்லவைப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்கு ஒரு நாற்காலி கொடுப்பது. நம் ஊர்வலங்களில் நிறைய இந்த மூன்றுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

ஒரே தாவலில் மேல்படிக்குப் போக வேண்டாம். மூன்று அதிகாரங்களை வரிசையாகக் கொடுங்கள். முதல் பருவத்தில் எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம். இரண்டாம் பருவத்தில் சிறு தொகை, ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் போதும், செலவு செய்து ரசீதோடு கணக்குக் காட்டும் அதிகாரம். மூன்றாம் பருவத்தில் ஊராட்சித் தலைவரிடமோ வனச்சரகரிடமோ அவர்களே போய்ப் பேசும் அதிகாரம். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் அவர்கள் திணறும்போது குறுக்கே பேசாதீர்கள். பாதுகாப்பு விஷயங்களில் மட்டும் கடைசி வார்த்தை உங்களுடையது: தண்ணீரில் இறங்குவது, சாலையோர வேலை, இரவு வேலை, மருத்துவக் கழிவு. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டத்தில் பேசுவது பையன்கள், குப்பை பிரிப்பது பெண்பிள்ளைகள் என்று தானாகவே பிரிந்துவிடும். முறைப் பட்டியலில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

உரம், கன்று, விளக்கு எல்லாம் சரி. உலகையே சூடாக்குவது பெரிய நாடுகளும் கம்பெனிகளும். மாணவர்களால் அதில் என்ன செய்துவிட முடியும்?
– சட்டக் கல்லூரி மாணவி, கோவை

நீங்கள் சட்டம் படிப்பதால் வனுவாட்டு மாணவர்களின் கதை உங்களுக்குத்தான். பசிபிக் கடலில் உள்ள சிறு தீவு நாடு வனுவாட்டு. அங்கே தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் 2019-இல் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: பருவநிலை விஷயத்தில் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கருத்துக் கேட்டால் என்ன?

அந்த நீதிமன்றத்திடம் மாணவர்களோ தனிநபரோ நேரடியாகக் கேட்க முடியாது. ஐ.நா. பொதுச்சபை கேட்கலாம், பொதுச்சபையில் தீர்மானம் கொண்டுவர ஒரு நாடு வேண்டும். ஆகவே அவர்கள் பசிபிக் நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு கையிலெடுத்தது. மற்ற நாடுகளின் இளைஞர்களும் தத்தம் அரசுகளிடம் பேசினார்கள். 2023 மார்ச் 29 அன்று 130-க்கும் மேற்பட்ட நாடுகளின் இணைமுன்மொழிவோடு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் வாதங்கள் நடந்தன. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது: பருவநிலை அமைப்பைப் பாதுகாக்கும் கடமை நாடுகளுக்குச் சட்டப்படி உண்டு, அதை மீறினால் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பும் எழக்கூடும், தூய்மையான சூழல் மற்ற மனித உரிமைகளுக்கு அடிப்படை.

இது ஆலோசனைக் கருத்து, தீர்ப்பைப் போல யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உலகெங்கும் வழக்குகளில் இதை மேற்கோள் காட்ட முடியும். நம் உச்ச நீதிமன்றமும் 2024-இல், கானமயில் என்ற பறவை தொடர்பான வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமையை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் கண்டது. உங்கள் கல்லூரியின் சட்ட உதவி மையத்தில் இரண்டையும் தமிழில் சுருக்கி எழுதுங்கள். கிராமசபைத் தீர்மானம் எழுதும் மானாமதுரை இளைஞர்களுக்கு அந்த நாலு பக்கம் கையில் தேவைப்படும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் குழுவே கலைந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம்.
– முன்னாள் மாணவர், சிதம்பரம்

பொறுப்பை மார்ச்சில் கைமாற்றாதீர்கள், அப்போது எல்லோரும் தேர்வில் மூழ்கியிருப்பார்கள். நவம்பரிலேயே மாற்றிவிட்டு, பழையவர்கள் இரண்டு மாதம் கூடவே நிற்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருவர், பதினோராம் வகுப்பிலிருந்து ஒருவர் என இணை சேருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அடுத்த மூன்று ஆண்டும் அங்கேயே இருப்பார்.

ஒரு கெட்டி அட்டை நோட்டுப் போடுங்கள். வாட்ஸ்அப் குழு இதற்கு உதவாது, போன் மாறினால் எல்லாம் போய்விடும். நோட்டில் இருக்க வேண்டியவை: குப்பைக் கணக்கு, எந்தக் கன்று எங்கே நிற்கிறது என்ற கைவரைபடம், கொடுத்த மனுக்களின் நகலும் தேதியும், யாரிடம் எதைக் கேட்டால் நடக்கும் என்ற விவரம், தராசும் முள்கரண்டியும் எந்த அறையில் உள்ளன, சாவி யாரிடம். நடக்காமல் போனவற்றுக்குத் தனிப்பக்கம் ஒதுக்கி, காரணத்தோடு எழுதுங்கள். ஜனவரியில் புதியவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.